மயக்கத்துக்கு முன் மாமன் மடி

அக்கா மகளுக்குக் குடலிறக்கம். சின்ன ஆபரேஷன்தான், நல்லபடியாக முடிந்தது, இப்போது அவள் வீட்டில் ஒரு பொருளை உடைக்காமல் விடுவதில்லை. நான் சொல்ல வந்தது ஆபரேஷனை இல்லை, அதற்கு முன்னால் மயக்கம் கொடுத்த பத்து நிமிடத்தை.

அவளுக்கு அப்போது மூன்றரை வயது. வெறும் வயிற்றோடு செங்கல் என்கிற எங்கள் ஊரிலிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வழியில் அமரவிளையில் ஒரு டீக்கடையில் வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரியைப் பார்த்துக் கை நீட்டினாள். நான் எதையோ சொல்லிப் பேச்சை மாற்றினேன். அத்தான் கத்தாரில். அக்காவுக்கு ஏழாவது மாதம். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க வாயு இருக்கும், கர்ப்பிணி உள்ளே வரக்கூடாது என்று மயக்க டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, போவது நான். நெட்டில் எல்லாம் படித்தாயிற்று, பயப்படாதே என்று அக்காவிடம் கெத்தாக விட்டேன்.

"நீ படிச்சது மெக்கானிக்கலாக்கும்" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "எலே, அவ கரைஞ்சோண்டு ஒறங்கப்பிடாது. அது மட்டும் பாத்துக்க மக்கா." அழுதுகொண்டே தூங்கிவிடக் கூடாதாம்.

முதலில் ஒரு சிரப். குடித்தால் பயம் போய்விடும், கிறங்கிச் சிரித்துக்கொண்டே வருவாள் என்றார் நர்ஸ். பாதியை என் சட்டையில் துப்பினாள். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாமல் மறுபடி கொடுக்க முடியாதாம். சரி, ஊசி வேண்டாம், மாஸ்க்கிலேயே தூங்க வைக்கலாம், மடியில் வைத்துக்கொள் என்றார் டாக்டர்.

தியேட்டருக்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்தேன். உடனே இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காது குத்தியபோது மாமன் முறைக்கு இதே மடியில்தான் உட்கார வைத்தோம். ஃபோனில் கார்ட்டூன் போட்டு ஏமாற்றியது நான்தான்.

"காது வேண்டாம் மாமா."

"காது இல்ல மக்கா. சும்மா மூச்சு விடு."

நம்பவில்லை. மாஸ்க் மூக்குக்கு வந்தது. உதைத்தாள், அலறினாள், காதிலிருந்து மட்டும் கையை எடுக்கவே இல்லை. நான் இறுக்கிப் பிடித்தேன். படித்ததில் ஒரு வரிகூட உதவவில்லை. அழுகை பாதியில் நின்றது. கைகள் தாமாக நழுவின. தலை என் தோளில் கனத்தது. நர்ஸ் அவளை வாங்கிக்கொண்டு என்னை வெளியே போகச் சொன்னார்.

வாசல் பெஞ்சில் அக்கா.

"கரைஞ்சாளா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமா" என்று வந்தது.

நல்லாத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.