கூலருக்குப் போதாத பெட்டி

கொட்டாஞ்சேனையில் என் நண்பர் குடியிருக்கும் மாடிக்கு அறுபத்திரண்டு படிகள். இருபதாவது படியிலேயே என் முழங்கால் முறையிடத் தொடங்கும். அதனால் இரண்டு வருடமாக நாங்கள் ஆகாயத்தில்தான் சந்திக்கிறோம். ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் அங்கே, நான் வெள்ளவத்தையில், ஆளுக்கொரு கணினி முன்னால் உட்கார்ந்து, விமானம் ஓட்டும் விளையாட்டில் இரத்மலானையிலிருந்து பலாலிக்குப் பறப்போம், தொலைபேசியில் கதைத்தபடி.

அவர் இறங்குவார். நான் விழுவேன். பலாலி ஓடுபாதை கண்ணில் பட்டதும் என் பழைய கணினியில் படம் உறைந்துவிடும். மறுபடி அசையும்போது விமானம் பனங்காட்டுக்குள் கிடக்கும். விளையாட்டின் புதுப் பதிப்பு வந்ததிலிருந்து இப்படியே, தொடர்ந்து பதினொரு ஞாயிறு.

"ஹெந்தளையில ஒரு பல் வைத்தியர் இருக்கிறார். நல்ல மெஷின் வச்சிருக்கிறாராம்," என்றார் நண்பர். "வாற ஞாயிறும் நீர் விழுந்தா, நான் அவரோட பறக்கப் போறன்."

வீட்டுக்கு வர்ணம் பூச ஒதுக்கிய பணத்தில் பாதியை மனைவி தந்தார். அந்தப் பணத்துக்குள் புதுக் கணினி முடிய வேண்டும். நான்கு நாள் கொப்பியில் பட்டியல் எழுதி எழுதி அடித்தேன். இந்த விளையாட்டுக்குப் படம் காட்டும் கார்ட்டைவிட புரொசெசர் முக்கியம் என்று படித்திருந்தேன். ஆகவே கார்ட் பழையது. புரொசெசர் புதிது, அதுவும் கம்பனி வைத்த வேகத்துக்கு மேலே முடுக்கிவிடக்கூடியது. ஓவர்க்ளொக் என்பார்கள். அதற்கு இடம்கொடுக்கும் மதர்போர்ட்டும் வேண்டும், விலை கூட. முடுக்கினால் சூடேறும், வெள்ளவத்தையிலோ சும்மாவே சூடு. ஆகவே புரொசெசரின் தலையில் பூட்ட ஒரு பெரிய கூலர். மிச்சம் பிடிக்க எஞ்சியது இவ்வளவையும் உள்ளே அடக்கும் பெட்டி ஒன்றுதான்.

பம்பலப்பிட்டிக் கடையில் இருந்ததில் மலிவான ஒல்லிப் பெட்டியைக் காட்டினேன். கடைக்கார நானா தாடியைத் தடவினார்.

"சேர், இந்தக் கூலர் இதுக்குள்ள போகாது."

"பெட்டி நூற்றெழுபது மில்லிமீற்றர், கூலர் நூற்றைம்பத்தைந்து. மூண்டு தரம் அளந்தனான்."

"நாங்களே பூட்டித் தாறம் சேர். சும்மாதான்."

"வேண்டாம். உங்கட ஆக்கள் திருகாணியைத் துலைப்பினம்."

அவர் சிரித்துக்கொண்டே பில் போட்டார். "திறந்த சாமான் திருப்பி எடுக்க மாட்டம் சேர். இப்பவே சொல்லிட்டன்."

சனிக்கிழமை முழுவதும் பூட்டினேன். முப்பத்தொரு திருகாணி. ஒன்றும் மிஞ்சவில்லை, ஒன்றும் குறையவில்லை. பக்கக் கதவு மட்டும் மூடவில்லை. நான் அளந்தது பெட்டியின் வெளி அகலத்தை. உள்ளே தகடு, மதர்போர்ட், அதைத் தாங்கும் கால்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இடம் பிடித்திருந்தன. கூலர் ஒரு விரல் அகலம் வெளியே நின்றது.

கூலரைக் கழற்றினால் முடுக்க முடியாது, முடுக்காவிட்டால் பனங்காடு. கதவில்லாமல் விட்டால் கடற்காற்றின் உப்பு, பக்கத்துக் கட்டடத் தூசி, பல்லி... ஒன்பது ஆபத்துகளைக் கொப்பியில் எழுதினேன்.

மனைவி எட்டிப் பார்த்தார். "பல்லி விழுந்தா ஆருக்குக் கரண்ட் அடிக்கும், பல்லிக்கோ உங்களுக்கோ?"

"பகிடி விடாதையும்."

"சரிச்சுப் படுக்க வையுங்கோவன்," என்றார். திறந்த பக்கம் மேலே வரப் பெட்டியைப் படுக்க வைத்தேன். குசினியிலிருந்து சாப்பாடு மூடும் வலைக்கூடையைக் கொண்டுவந்து திறந்த பக்கத்தின் மேல் கவிழ்த்தார். அளந்து செய்ததுபோல் இருந்தது. அவர் எதையும் அளப்பதில்லை.

ஞாயிறு. நான்கு படியாகப் புரொசெசரின் வேகத்தைக் கூட்டினேன். சூடு எழுபத்தொன்பது பாகை. அதற்கு மேல் ஏறவில்லை. பத்து மணிக்குக் கிளம்பினோம். பலாலி தெரிந்தது. படம் உறையவில்லை.

"மூடியைத் தாங்கோ, மீனில இலையான் மொய்க்குது," என்றார் மனைவி.

"ரெண்டு நிமிஷம் பொறுமப்பா! இறங்கிறன்!"

மீன் பொறுக்காதாம். கூடை போய்விட்டது. ஒரு கண் ஓடுபாதையில், ஒரு கண் கூரைப் பல்லியில். சக்கரம் நிலத்தைத் தொட்டது. துள்ளியது. நின்றது.

"மூண்டு தரம் குதிச்சீர்," என்றார் நண்பர். "ஆனா இறங்கிட்டீர்."

"அப்ப பல் வைத்தியர்?"

"அவருக்கு ஞாயிறில கிளினிக், ஐசே."

"முதலே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீர் அந்தப் பழசோட இன்னும் பதினொரு தரம் விழுந்திருப்பீர். ஒவ்வொரு கிழமையும் பலாலியில தனிய நிண்டு எனக்கு அலுத்துப்போச்சு."

திங்கட்கிழமை இன்னொரு வலைக்கூடை வாங்கினேன். மீனுக்கு.