மூணு தென்னையின் மூன்றாவது மரம்

செம்பவாங்கில் நாங்கள் இருந்த கம்பத்துக்கு, அந்தச் சின்னக் கிராமத்துக்கு, அரசாங்கம் என்ன பெயர் வைத்திருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்களுக்கு அது மூணு தென்னை. பெரிய சாலையிலிருந்து மண்பாதை பிரியும் இடத்தில் மூன்று தென்னைகள் ஒட்டி நின்றன. கப்பல் பட்டறை வேலைக்கு முதலில் வந்தவர்கள் அதை அடையாளம் சொல்லித்தான் பஸ்ஸை நிறுத்துவார்களாம், அதுவே பெயராகிவிட்டது. சீனக் கண்டக்டர்கூட "மூணு தென்னா! மூணு தென்னா!" என்றுதான் கூவுவார். ஊரிலிருந்து அப்பா எழுதும் கடிதத்திலும் அதுவே விலாசம்.

அத்தை கல்யாணத்துக்காக அப்பா ஊருக்குக் கப்பலேறிப் போயிருந்தார். ஆறு மாதத்தில் வந்துவிடுவதாகச் சொன்னவர் வருஷம் ஒன்றாகியும் வரவில்லை. முதலில் கடிதமாவது வந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோனது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் பாதை முனைக்கு ஓடுவேன். மலாய்க்காரத் தபால்காரர் சைக்கிளில் வருவார், இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். எட்டு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய கவலை கிடையாது.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் இடி விழுந்து நடுமரம் கருகியது. கம்பத்து ஆண்கள் சேர்ந்து வெட்டிச் சாய்த்தார்கள். அன்று சாயங்காலம், "அப்பா ஏன் கடிதாசி போடல?" என்று வழக்கம்போல் மாமாவை நச்சரித்தேன். மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். வாயைத் திறந்தால் கேலிதான். அன்று மட்டும் கேலி பண்ணாமல் பாதை முனைப் பக்கம் கைகாட்டி, "ரெண்டு தென்னைதானே நிக்குது? தபால்காரன் மூணு தென்னைய எங்க போய்த் தேடுவான்? வழி தெரியாம கடிதாசி திரும்பிப் போயிருக்கும் லா," என்றார். 

அடக் கடவுளே, இவ்வளவுதானா விஷயம்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கிணற்றடியில் மட்டையோடு ஒரு தேங்காய் முளைவிட்டுக் கிடந்தது. யாரையும் கேட்காமல் தூக்கிப்போய், வெட்டிய மரத்தின் பக்கத்தில் குழி தோண்டி நட்டேன். மறுநாள் தபால்காரரின் சைக்கிளை மறித்து எண்ணிப் பார்க்கச் சொன்னேன். பாவம், அவரும் இறங்கி நின்று "சாத்து, டுவா, தீகா" என்று விரல் நீட்டி எண்ணினார்.

விஷயம் தெரிந்தால் அம்மாவிடம் அடி நிச்சயம் என்றிருந்தேன். அம்மா முழங்கால் உயரம்கூட இல்லாத அந்தத் தென்னம்பிள்ளையைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா என்னை அடிக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதை முனைவரை நடந்தாள்.

கடிதம் நின்றது இடி விழுவதற்கு எத்தனையோ மாதம் முன்பு. கெட்டிக்காரி என்று பெயரெடுத்த எனக்கு அது தோன்றவே இல்லை. அப்பா அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டதும், கடைசிக் கடிதத்தில் அதைத்தான் எழுதியிருந்தார் என்பதும், அதை மாமாதான் அம்மாவுக்குப் படித்துச் சொன்னார் என்பதும் எனக்குக் கல்யாணம் பேசிய சமயத்தில்தான் தெரிந்தது.

எல்லாம் தெரிந்துதான் அம்மா தண்ணீர் சுமந்திருக்கிறாள். நான் வேறு கூடவே நடந்து, "நல்லா ஊத்தும்மா, அப்பா கடிதாசி சீக்கிரம் வரணும்," என்று அதிகாரம் பண்ணுவேன். அம்மா "சரி" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவாள்.