ரேடியோவில் என் நெஞ்சு

மெட்ராஸில் என் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பியதிலிருந்து, அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று என் மனைவிக்கு ஒரே பயம்.

இன்று, அந்த ஆஸ்பத்திரி இன்ஜினீயர் சொல்லித்தந்த வித்தையைச் செய்து காட்டினேன். டிரான்சிஸ்டரில் எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, மார்போடு ஒட்டிப் பிடித்தேன்.

டிக்... டிக்... டிக்.

"கேட்டியாட்டி? மிஷின் ஓடுத சத்தம்!"

அழுதுகொண்டே சிரித்தவள், வாசலுக்கு ஓடிக் கத்தினாள்: "எல்லாரும் வாங்க! எங்க வீட்டுக்காரவுக நெஞ்சு ரேடியோவுல கேக்கு!"

தெருவே வந்து காதை வைத்தது. எதிர்வீட்டு அண்ணாச்சி, இரைச்சல் இடைஞ்சலாக இருக்கிறதென்று தன் விசைத்தறியையே நிறுத்திவிட்டு வந்தார்.

"போதும்ட்டி, கிரிக்கெட்டுல கடைசி ஓவரு. ஸ்டேஷன மாத்து."

"சும்மா இருங்க. இதுதான் நல்லா ஓடுதுல்லா!"

சங்கரன்கோவிலில் வேறு தெருவில் யாராவது மேட்ச் கேட்டீர்களா? ஜெயித்தது யார்?