காயில் அக்காவின் முன் படமும் பின் படமும்

எரிந்துபோன மோட்டாருக்கு என்ன நோய் என்பதைக் காயில் அக்கா மூக்கை வைத்தே சொல்லிவிடுவாள். கடை வாசலில் இறக்கும்போதே, "இது தண்ணி இல்லாம ஓடியிருக்கு" என்பாள். "இதுக்குள்ள எலி போயிருக்கு" என்பாள். கொண்டுவந்தவர் எங்கள் வீட்டில் எலியே கிடையாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார். மூடியைக் கழற்றினால் எலி இருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டுதான். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்புவரை அந்த மூக்குக்கு வெங்காய வாசனை மட்டும்தான் தெரியும். ஓர் ஓட்டலின் பின்கட்டில் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து உரித்துக் கண் மரத்துப்போய், எந்த வெங்காயத்துக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் வராத நிலைக்கு வந்துவிட்டாள். அப்போதுதான் அந்த உதவி அமைப்பு தெருவுக்குள் வந்தது. வறுமையை ஒழிப்போம், பெண்களைச் சொந்தக் காலில் நிற்க வைப்போம் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். இந்த மாதிரி நோட்டீஸ்கள் நிறைய வந்து, தெருவில் பல வீட்டு அலமாரிகளில் தட்டுக்கு விரிப்பாகக் கிடந்தன. ஆனால் இவர்கள் சொன்னதைச் செய்தார்கள். பதினைந்து பெண்களுக்கு ஆறு மாதம் மோட்டாருக்குக் காயில் கட்டச் சொல்லிக்கொடுத்து, ஆளுக்கொரு கம்பி சுற்றும் இயந்திரத்தையும் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். அதற்கான பணம் கடல் தாண்டி ஏதோ ஒரு தேசத்தில், ஓய்வுபெற்ற டீச்சர்கள் கூடி உட்கார்ந்து காலுறை பின்னி விற்றுச் சேர்த்தது.

சிக்கல் போட்டோவில் வந்தது.

அமைப்பின் உள்ளூர் அதிகாரிக்கு ஃபைல் சார் என்று பெயர். அவர் அக்குளில் ஃபைல் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பயிற்சியில் சேர விண்ணப்பம் கொடுத்தபோது, "எல்லாரும் ஒரு போட்டோ ஒட்டிக் கொடுங்க" என்றார். பதினைந்து பேரிடமும் ஆளுக்கு ஒரே ஒரு போட்டோதான் இருந்தது, கல்யாணப் போட்டோ. பதினைந்து பேரும் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையைக் கத்தரியால் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒட்டிக் கொடுத்தார்கள். பயிற்சி முடிந்த நாளில் ஃபைல் சார் தானே கேமராவைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய், வேலையில் இருந்தவர்களை அப்படியே படம் எடுத்தார்.

பிறகு அறிக்கை தயாரித்தார். இடது பக்கம் 'முன்' என்று போட்டு ஒரு படம், வலது பக்கம் 'பின்' என்று போட்டு ஒரு படம். அச்சடித்து, இரண்டாவது அணிக்கும் பணம் கேட்டு டீச்சர்களுக்கு அனுப்பிவைத்தார். அந்த மனிதர் ஒரு தடவை புரட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

இடது பக்கம் பட்டும் பூவும் அட்டிகையுமாக மகாராணி போல ஒருத்தி. வலது பக்கம் மூக்கில் கரி, சட்டையில் வார்னிஷ், தலை கலைந்து, எலி வாலைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி. இப்படிப் பதினைந்து ஜோடி.

டீச்சர்களிடமிருந்து கடிதம் வந்தது. "இந்தப் பெண்களை நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று ஒரே வரி. இரண்டாவது அணிக்கான பணம் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகவும், டீச்சர்கள் சங்கத்தின் தலைவி சனிக்கிழமை நேரில் வருவதாகவும் பின்குறிப்பு.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஃபைல் சார், வீட்டு முன்கட்டிலேயே இருந்த காயில் அக்காவின் கடைக்கு ஓடி வந்தார். அங்கே எதிர்வீட்டுத் தங்கச்சியும் இருந்தாள். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள். இரண்டாவது அணியில் முதல் பெயர் அவளுடையது. கைப்பழக்கம் வரட்டும் என்று ஒரு வருடமாகக் கரண்டிக் காம்பில் தையல் நூலைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். ஃபைல் சார் கடிதத்தைப் படித்துக் காட்டியதும், கரண்டியில் சுற்றியிருந்த நூலை முழுக்கப் பிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாதடி. நான் பாத்துக்கறேன்" என்றாள் காயில் அக்கா. எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியாது.

ஃபைல் சாருக்கு ஒரு யோசனை தோன்றியது. "புதுசா ஒரு முன் படம் எடுத்துடலாம். பழைய துணி கட்டிக்கிட்டு சோகமா உக்காருங்க. பத்து நிமிஷ வேலை."

உட்கார்ந்தாள். சோகம் வரவில்லை. ஸ்கூல் பஸ் ஓட்டும் அவள் புருஷன், "நான் உன்னை விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைச்சுக்கோ" என்றார். அவள் முகம் லேசாக மலர்ந்தது. மாமியார் உள்ளே போய்ப் பெரிய வெங்காயமாகப் பார்த்து நான்கு எடுத்துவந்து அவள் முகத்துக்கு நேராக நறுக்கினார். மாமியார் அழுதார். புருஷன் அழுதார். ஃபைல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து அழுதார். காயில் அக்கா மட்டும் கண் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் மனசு வைங்கம்மா" என்று மூக்கை உறிஞ்சினார் ஃபைல் சார்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், நான் அன்னைக்கு அழுதுட்டா உக்காந்திருந்தேன்? உங்க ஃபாரம் தீந்துடப் போகுதேன்னு வெங்காயத்தைப் போட்டுட்டு ஓடி வந்தேன். ஓடுற மாதிரி வேணும்னா எடுங்க."

அந்தத் திட்டம் அதோடு போயிற்று. மாமியார் வேறு திட்டம் போட்டார். முன் படத்தை ஒன்றும் செய்ய முடியாது, அதனால் பின் படத்தை உயர்த்திவிடலாம். சனிக்கிழமை மருமகள் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, அட்டிகையைப் போட்டுக்கொண்டு, விரலில் ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். வருகிற அம்மாள் பார்த்துவிட்டு, பெண் அப்படியே இருக்கிறாள் என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு விருந்தாளி வருவதாக ஏற்பாடு. ஒன்பதரைக்குத் தெருவின் தண்ணீர்த் தொட்டி மோட்டார் உறுமிவிட்டு நின்றது. விருந்தாளிக்கு முகம் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. காயில் அக்கா நாற்காலியில் பட்டும் பகட்டுமாக உட்கார்ந்து அந்த உறுமலைக் கேட்டாள். ஒரு நிமிஷம் பொறுத்தாள். இரண்டு நிமிஷம் பொறுத்தாள்.

"கண்டென்சர்தான் போயிருக்கும்" என்றாள்.

"உக்காரு" என்றார் மாமியார்.

"பத்து நிமிஷம் அத்தை."

"எழுந்த, காலை ஒடிச்சிடுவேன்."

அவள் அதற்குள் எழுந்து பாதித் தெரு போயிருந்தாள். கண்டென்சர் போனது உண்மைதான். ஆனால் உள்ளே பேரிங்கும் இறுகிக் கிடந்தது. பட்டுப் புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு தொட்டிக் குழிக்குள் இறங்கிவிட்டாள். பட்டின் சரிகை கிரீஸைத் துடைக்க எவ்வளவு தோதாக இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மோட்டார் ஓடத் தொடங்கி, அவள் குழியிலிருந்து தலையை நீட்டியபோது, எதிரே ஒரு ஜோடி கம்பளிக் காலுறை தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். குட்டையாக, நரைத்த கிராப்புத் தலையோடு, கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடியும் சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனாவுமாக ஓர் அம்மாள் குனிந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஃபைல் சார், முகத்தில் ஈயாடவில்லை. அவருக்குப் பின்னால் தெருவே திரண்டு நின்றது.

டீச்சரம்மா அறிக்கையைப் பிரித்தார். பூதக்கண்ணாடியை வைத்து முன் படத்தைப் பார்த்தார். காயில் அக்காவின் கழுத்தைப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார், மறுபடி கழுத்தைப் பார்த்தார். இப்படியே பதினைந்து பக்கமும் முடித்துவிட்டுத் தன் மொழியில் நீளமாக ஏதோ கேட்டார்.

"அட்டிகையில மூணாவது கல் ஏன் இல்லைன்னு கேக்கறாங்க" என்றார் ஃபைல் சார்.

"அது எப்பவோ விழுந்துடுச்சு" என்றார் மாமியார்.

"இல்லம்மா. பதினஞ்சு பேர் கழுத்துலயும் மூணாவது கல் இல்லையாம்."

ஃபைல் சார் அறிக்கையை வாங்கி, தான் தயாரித்த படங்களை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தார்.

"என்னோடதுதானே!" என்று மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "இந்த வட்டாரத்துல என் அட்டிகை இல்லாம ஒரு கல்யாணம் நடந்திருக்கா, கேட்டுப் பாருங்க!" பிறகு ஃபைல் சாரின் காதோரம் சாய்ந்து, "கவரிங்தான், வெளிய சொல்லிடாதீங்க" என்றார். மாமியாரின் ரகசியக் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். தங்கம் என்று நம்பி, இரவல் வாங்கிய அன்று ராத்திரி தூங்காமல் காவல் காத்த பதினான்கு பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

காயில் அக்கா குழியிலிருந்து மேலே ஏறி வந்தாள். ஃபைல் சாரின் கையிலிருந்த அறிக்கையை வாங்கினாள். கிரீஸ் விரலின் அச்சு அதில் அழகாக விழுந்தது.

"அவங்ககிட்ட சொல்லுங்க சார். இந்த முன் படத்துல பட்டு என் நாத்தனாரோடது. அட்டிகை அத்தையோடது, விருந்து முடிஞ்சு நான் கை கழுவுறதுக்குள்ள கழட்டிட்டாங்க. வளையல் போட்டோக்காரரோடது. அந்தப் படத்துல என்னோடதுன்னு ஒண்ணுமே கிடையாது." வலது பக்கத்துப் படத்தில் விரலை வைத்தாள். "இதுல இருக்கிற கரி என்னோடது. வார்னிஷ் என்னோடது. இந்த ஸ்பேனர் நான் வாங்கினது. இந்த எலிகூட நான் பிடிச்சது. மொத்தமும் என்னோடது."

எதிர்வீட்டுத் தங்கச்சி கரண்டியை நெஞ்சோடு பிடித்தபடி கூட்டத்தில் நிற்பது அவள் கண்ணில் பட்டது. நான்கு வெங்காயத்துக்கு அசையாத கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்தாள். கன்னம் முழுக்கக் கறுப்பானது.

ஃபைல் சார் மொழிபெயர்த்தார். பாதியில் அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை வெங்காயம் இல்லாமல். டீச்சரம்மா சிவப்புப் பேனாவை எடுத்து, முன் படத்தின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். பின் படத்தின் மேல் அதைவிடப் பெரிதாக ஒரு சரி குறி போட்டார். பதினைந்து பக்கமும் அப்படியே திருத்தி முடித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது அணியும் பயிற்சியை முடித்தது. பட்டறையில் படம் எடுக்க ஃபைல் சார் கேமராவோடு வந்தார். எதிர்வீட்டுத் தங்கச்சி முதல் ஆளாக, தானே கட்டிய காயிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியாருக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு பெண்ணை ஒன்றும் செய்யாமல் கேமரா முன்னால் நிறுத்தி அவருக்குப் பழக்கமில்லை. பழைய மோட்டார் ஒன்றிலிருந்து விரல் நிறையக் கரியை வழித்துக்கொண்டு வந்தார்.

"இருடி, கன்னத்துல கொஞ்சம் வச்சு விடறேன். போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்."

தங்கச்சி முகத்தை விலக்கிக்கொண்டு சிரித்தாள். "இரவல் எதுக்குப் பெரியம்மா? என்கிட்டயே நிறைய இருக்கு."