டைரெக்ட் கொடுத்த வீடுகள்

1. போனில் சொல்லாத வரி

பகல் ஒரு மணி இருக்கும். கொட்டாஞ்சேனையில் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளாக விடாத மழை. களனி ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது, வத்தளையில் தாழ்ந்த பக்கமெல்லாம் தண்ணீர் என்று ரேடியோவில் சொன்னார்கள். வத்தளையில் எனக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. ஆனால் முப்பத்தாறு வருடம் வயர்மன் வேலை செய்தவனுக்குக் கை வைத்த வீடெல்லாம் பாதிச் சொந்தம். அங்கே நான் வயரிங் பார்த்த வீடு ஒன்று, சுகந்தியும் அவள் புருஷன் ஜெயமும் இருக்கிற வீடு, நினைவுக்கு வந்தது. போன் எடுத்தேன். சுகந்திதான் பேசினாள்.

“ஓம் அண்ணை, உள்ளுக்கும் தண்ணி வந்திட்டுது. இப்ப கணுக்கால் அளவு. இவருக்குக் கால் முறிஞ்சு பிளாஸ்டரில எல்லோ, தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை. வள்ளம் அனுப்புறம் எண்டவங்கள், இன்னும் காணேல்லை. மகளை முந்தநாளே வெள்ளவத்தைக்கு அக்கா வீட்ட அனுப்பிட்டம்.”

“கரண்ட் இருக்கோ?”

“விடியவே போயிட்டுது. லேன் முழுக்க இல்லை. நீங்க முந்திச் சொன்ன மாதிரி ட்ரிப் சுவிச்சைக் கீழ போட்டிட்டன். இனிப் பயமில்லைத்தானே அண்ணை?”

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அந்த வீட்டில் ட்ரிப் சுவிச் மேலே இருந்தாலும் ஒன்றுதான், கீழே கிடந்தாலும் ஒன்றுதான். அப்படி ஆக்கி வைத்தவன் நான். லேன் முழுக்கக் கரண்ட் இல்லாததால் அது அவளுக்குத் தெரிய வழியில்லை. லைனில் கரண்ட் வந்த அந்த நிமிஷமே, சுவிச் கீழே கிடந்தாலும், அந்த வீட்டுக்குள்ளும் வந்துவிடும். தண்ணீர் நிற்கிற வீட்டுக்குள்.

நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. ட்ரிப்பை நம்பாதே, மெயின் சுவிச்சை ஓஃப் பண்ணு. லைன் செத்துக் கிடந்த அந்த நேரத்தில் அவள் அதை அரை நிமிஷத்தில் செய்திருப்பாள். ஆனால் “ஏன்?” என்று கேட்பாளே. போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் ஜெயம் இருமுகிற சத்தம் கேட்டது.

“ம்... சரி பிள்ளை, கவனம்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு நிமிஷம்கூடப் போயிருக்காது. வெட்கமாவது மண்ணாவது என்று திரும்ப எடுத்தேன். அவள் போன் ஓஃப் ஆகியிருந்தது. விடியற்காலையிலிருந்து கரண்ட் இல்லாத வீடு, சார்ஜ் தீர்ந்திருக்கும். ஜெயத்தின் நம்பரும் அப்படித்தான். பத்துத் தரம் எடுத்தேன்.

2. ‘இண்டைக்கு மட்டும்’

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். ட்ரிப் சுவிச், வீட்டுக்குள் போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சரிசமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். நனைந்த சுவரிலோ ஒரு மனிதனின் உடம்பிலோ கொஞ்சம் கசிந்தால் கண் மூடித் திறப்பதற்குள் வெட்டிவிடும். போர்டில் இருக்கிற மற்றச் சாமான்கள் வயரைக் காப்பாற்ற. இது ஒன்றுதான் ஆளைக் காப்பாற்ற.

ஆனால் மழைக் காலத்தில் அடிக்கடி விழும். விழுந்தால் வீட்டுக்காரருக்கு ஈரச் சுவரில் கோபம் வராது, சுவிச்சில்தான் வரும். “டைரெக்ட் பண்ணி விடுங்கோ” என்பார்கள். உள்ளே போகிற வயரையும் வெளியே வருகிற வயரையும் நேராகச் சேர்த்துவிடுவதற்குப் பெயர்தான் டைரெக்ட். சுவிச் இருந்த இடத்தில் இருக்கும், பார்வைக்கு ஒரு குறையும் இராது, வேலை மட்டும் செய்யாது.

ஒன்றரை வருடத்துக்கு முன் சுகந்தியின் மகள் பெரிய பிள்ளையாகி, அவளுக்குச் சாமத்திய வீடு என்கிற சடங்கு நடந்தது. கேற்றிலிருந்து கூரை வரை செட் லைட் கட்டியிருந்தார்கள். காலையிலேயே மழை. லைட் வயரில் தண்ணீர் இறங்கி ட்ரிப் விழுந்தபடியே இருந்தது. வீடியோக்காரர் லைட்டைப் போட விழும். குசினியில் கிரைண்டரைப் போட விழும். பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும் நேரமும் வந்துவிட்டது. கேற் லைட்டைக் கழற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜெயத்திடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“வாசல்ல லைட் இல்லாமல் என்ன சாமத்திய வீடு அண்ணை? ஆக்கள் நிறைஞ்சு நிக்கினம். இண்டைக்கு மட்டும் டைரெக்ட் பண்ணி விடுங்கோ. நாளைக்கு வந்து சரி பண்ணலாம்.”

நானும் செய்தேன். எனக்குக் கிடைத்தது ஒரு தட்டுப் பலகாரமும் “அண்ணை கெட்டிக்காரன்” என்ற பெயரும். வயர்மனின் ‘நாளைக்கு’ எப்போது விடியும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு வேறு வேலை வந்தது. அவர்களும் மறந்துவிட்டார்கள். விழாத சுவிச்சைப் பற்றி யாரும் போன் எடுத்து முறையிடுவதில்லை.

3. சந்தியில் நின்ற லொறி

த்ரீவீலர் ஒன்றைப் பிடித்தேன். பாலத்தைக் கடக்கும்போது கீழே பார்த்தேன். ஆறு சேறும் குப்பையுமாக, பார்க்கவே பயமாக ஓடியது. வத்தளைக்குள் இறங்கிக் கொஞ்சத் தூரத்தில் டிரைவர் நிறுத்திவிட்டார். “இதுக்கு மேல போவாது நானா, எஞ்சின் குடிச்சிரும்” என்றார்.

நடந்தேன். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் நடக்கிறபோது காலில் சுள்ளென்று இழுக்கிற மாதிரி இருந்தால் ஓர் அடிகூட முன்னே வைக்காதீர்கள். காலைப் பெரிதாக எடுத்து வைக்காமல், தேய்த்துத் தேய்த்து, வந்த வழியே திரும்புங்கள். போஸ்ட்டையோ, தகரத்தையோ, கேற்றையோ பிடிக்கக்கூடாது. எனக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனாலும் தண்ணீருக்குள் ஏதோ ஒரு கயிறு காலில் பட்டபோது நான் கத்தியே விட்டேன். பக்கத்தில் வந்த ஆள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

சந்தி கொஞ்சம் மேட்டில் இருந்தது. அங்கே ட்ரான்ஸ்ஃபோமருக்குக் கீழே கரண்ட் லொறி ஒன்று நின்றது. ஏணி சாத்தியிருந்தது, ஒருவர் பாதி ஏறியும்விட்டார். லைன் ஆட்கள் ஏணியில் ஏறுவது ஒன்று வெட்ட, இல்லாவிட்டால் கொடுக்க. வெட்டுகிற வேலை விடியவே முடிந்துவிட்டது; இது கொடுக்கத்தான்.

“பொட்டக் இன்ன! பொட்டக் இன்ன!” கொஞ்சம் பொறுங்கள் என்று சிங்களத்தில் கத்திக்கொண்டே ஓடினேன். அறுபத்திரண்டு வயதில் முழங்கால் தண்ணீரில் ஓடுவது ஓட்டமில்லை, விழுந்து எழும்புவது.

கீழே குடையோடு நின்ற சுப்பர்வைசர், தமிழர் நிறைய இருக்கிற கிராண்ட்பாஸில் வளர்ந்த சிங்களவர். என் உச்சரிப்பைக் கேட்டதும் தமிழிலேயே பேசினார்.

“என்ன அண்ணே? மேல் பக்கம் தண்ணி வடிஞ்சிட்டு, அங்க வீட்ல வருத்தக்காரங்க இருக்காங்க, மூச்சு மெஷின் போடணுமாம். அதுக்குத்தான் குடுக்கப் போறோம்.”

“கீழ் லேனுக்கும் இதுதானே சேர் ட்ரான்ஸ்ஃபோமர்?” சுகந்தி வீடு அந்த லேனில்தான்.

“ஆமா. ஆனா அங்க ஆள் இல்லையே. எல்லாரும் ஸ்கூல் முகாமுக்குப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. வீட்டையெல்லாம் ஓஃப் பண்ணிட்டுத்தான் போயிருக்காங்க.”

“ரெண்டு பேர் இருக்கினம் சேர். ட்ரிப்பைக் கீழ போட்டிட்டு இருக்கினம்.”

“அப்ப என்ன பயம்? ட்ரிப் கீழதானே?”

இரண்டாம் தரம் அதே கேள்வி. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அதில் இரண்டு பேர் என் கையால் வயரிங் செய்துகொண்டவர்கள். மழை என் முகத்தில் அடித்தது. ஏணியில் நின்றவர் மேலே பார்த்தபடி கையுறையை இழுத்துவிட்டார்.

“அந்த ட்ரிப் வேலை செய்யாது சேர். நான்தான் டைரெக்ட் பண்ணினனான்.”

சுப்பர்வைசர் குடையை மடக்கினார். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் ஏணியைப் பார்த்து “பஹின்ன!” என்று கத்தினார். இறங்கு என்று அர்த்தம். அந்த ஆள் இறங்கின பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“லைசன்ஸ் இருக்கிற ஆள்தானே நீங்க?”

“ஓம் சேர்.”

“வெக்கமில்லையா?”

“இருக்கு சேர். அதாலதான் இவ்வளவு நேரம்.”

கீழ் லேனுக்குப் போகிற லைனின் பியூஸ் மூன்றையும் கழற்றச் சொன்னார். அவை வந்ததும் மூன்றையும் என் கையில் வைத்தார். “இதை உங்க பொக்கெட்ல போடுங்க. நீங்களே திருப்பிக் கொண்டுவந்து தாற வரைக்கும் அந்த லேனுக்குக் கரண்ட் இல்லை.” எங்கள் தொழிலில் இது பழைய வழக்கம். ஆபத்தான இடத்துக்குள் போகிறவன்தான் பியூஸைத் தன்னோடு கொண்டுபோக வேண்டும். வேறு யாரும் தெரியாமல் போட முடியாது. மேல் பக்கத்துக்குக் கரண்ட் கொடுத்தபோது தூரத்தில் ஒரு கடையின் போர்ட் மினுக்கென்று எரிந்தது. நான் பொக்கெட்டைப் பொத்திப் பிடித்துக்கொண்டேன்.

4. பிரிட்ஜில் இருந்த கை

வள்ளம் அரை மணி நேரத்தில் வந்தது, அதில் நானும் ஏறிப் போனேன். வீட்டுக்குள் தண்ணீர் தொடையளவு ஏறியிருந்தது. பிளக் பொயின்ட்டுகள் எல்லாம் தண்ணீருக்குள் முங்கிவிட்டன. ஜெயம் கட்டிலுக்கு மேல் ஒரு மேசை, மேசைக்கு மேல் பிளாஸ்டர் கால் என்று உட்கார்ந்திருந்தார். சுகந்தி குசினியில் தண்ணீருக்குள் நின்றாள். மிதக்கத் தொடங்கிய பிரிட்ஜை இரண்டு கையாலும் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தாள். பிளக் கழற்றப்படவில்லை.

“அண்ணை! நீங்களா வந்தனீங்க? ஏன் இந்த மழைக்குள்ள? நான்தான் சொன்னேனே, ட்ரிப் கீழதான் கிடக்கு.”

“பிள்ளை, முதல்ல பிரிட்ஜை விடு.”

“விட்டால் சரிஞ்சிடும்.”

“சரியட்டும். விடு.”

அவள் விட்ட பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சாமத்திய வீடு, டைரெக்ட், லொறி, ஏணி. பொக்கெட்டிலிருந்து பியூஸையும் எடுத்துக் காட்டினேன். ஜெயம் தலையைக் குனிந்துகொண்டார், கேட்டு வாங்கியவர் அவர்தானே. சுகந்தி போர்டைப் பார்த்தாள். பிறகு பிரிட்ஜைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தாள்.

“போன்ல கேட்டனான் தானே, பயமில்லைத்தானே எண்டு. அப்ப ஏன் சொல்லேல்லை?”

“இவர் கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு வாறன் எண்டு சொல்லிப் போட்டு வராதவன் நான். வெக்கமாப் போச்சு பிள்ளை.”

அவள் என்னைத் தாண்டிப் போய் ஜெயத்தின் ஒரு பக்கத் தோளைத் தாங்கினாள். வள்ளத்தில் போகும்போதும் என் பக்கம் பார்க்கவில்லை. ஸ்கூல் வாசலில் இறங்கும்போது ஜெயம் மட்டும் என் தோளைப் பிடித்தார். எனக்கு அதைவிடக் கன்னத்தில் ஓர் அறை தேவலை போலிருந்தது.

சந்திக்குத் திரும்பிப் பியூஸைக் கொடுத்தேன். “வடிஞ்ச பிறகு வீட்ல யாரையும் அவசரப்பட்டு சுவிச் போட விடாதீங்க” என்றார் சுப்பர்வைசர். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். தண்ணீர் போய்விட்டது என்று சுவிச்சைத் தட்டக்கூடாது. சுவருக்குள் பைப்பில் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். வயர்மன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான். தண்ணீர் வருகிறது என்று தெரிந்தால் கால் காய்ந்திருக்கிறபோதே மெயின் சுவிச்சை ஓஃப் பண்ணுங்கள், பிளக்குகளைக் கழற்றுங்கள். தண்ணீர் ஏறின பிறகு மெயினைத் தேடிப் போகாதீர்கள், வெளியே சொல்லி லைனை வெட்டச் சொல்லுங்கள். பிரிட்ஜ் போனால் போகட்டும்.

5. ஏழாவது வீடு

வெள்ளம் வடிந்ததும் சுகந்தி வீட்டு வயரிங்கை வேறொருவர் செய்தார். என்னைக் கூப்பிடவில்லை. நியாயம்தான்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். இத்தனை வருடத்தில் எத்தனை வீட்டுக்கு டைரெக்ட் கொடுத்து ‘நாளைக்கு’ என்று விட்டேன்? சுகந்தி வீட்டை விட்டால் ஏழு. ஆறு வீட்டுக்கும் நேரில் போனேன். கதவு திறந்தவுடன் முதல் வார்த்தையாக “நான் ஒரு பிழை செய்தனான்” என்றேன். இரண்டு வீட்டில் ஏசினார்கள். ஒரு வீட்டில் தேத்தண்ணீர் தந்தார்கள். ஆறையும் என் கையாலேயே சரிசெய்தேன். நான் படித்த பாடம் இவ்வளவுதான். வயரில் செய்த பிழையை ஒரு மணி நேரத்தில் திருத்தலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்குள் ஆள் செத்துவிடும்.

ஏழாவது வீடு எங்கே என்று எனக்கு ஞாபகம் இல்லை. கிராண்ட்பாஸ் பக்கம், ஆற்றுக்குக் கிட்டே. போர்டுக்கு மேலே ஒரு மாதா படம் இருந்தது. தொட்டிலில் ஒரு குழந்தை அழுதது. லேன் மறந்துவிட்டது, வீட்டுக்காரர் பெயரும் மறந்துவிட்டது. நாலு நாள் அந்த லேன்களுக்குள் நடந்தேன். பாதி வீடுகளை உடைத்து மாடி கட்டிவிட்டார்கள். இப்போதும் மழை பலத்துப் பெய்தால் என்னால் சாப்பிட முடிவதில்லை. அந்தக் குழந்தை இப்போது ஓடித் திரிகிற வயது.

அதனால் இதை வாசிக்கிற எல்லாரிடமும் கேட்கிறேன். உங்கள் ட்ரிப் சுவிச்சில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். லைட் ஒன்றை எரியவிட்டு, காய்ந்த கையால் அதை அழுத்திப் பாருங்கள். லைட் அணைந்தால் நல்லது. அணையாவிட்டால் மெயின் சுவிச்சை ஓஃப் பண்ணிவிட்டு வயர்மன் ஒருவரைக் கூப்பிடுங்கள். மாதா படம் இருக்கிற வீடாக இருந்தால், தயவுசெய்து எனக்கும் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள்.