சகலைக்கு வைத்த பொய் உயரம்

மீட்டர்காரன் என்றால் எங்கள் சொந்தத்தில் தெரியாதவர் இல்லை. என் பெரியப்பாவின் மூன்றாவது மகள் பெற்ற ஒரே பிள்ளை. கூடப்பிறந்தது என்று ஒரு தலை கிடையாது. பிழைப்புக்கு வண்டிப் பட்டறையில் மீட்டர் பழுது பார்க்கிறான். வேகம் காட்டுகிற முள், பெட்ரோல் காட்டுகிற முள், எது செத்துப்போனாலும் அவன் மேசைக்குத்தான் வந்து சேரும்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் மீட்டர்தான். ஆனால் அது விமானத்துக்கு. நிஜ விமானம் இல்லை, கம்ப்யூட்டருக்குள் பறக்கிற விமானம். இதற்கென்றே உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள், மூன்று மணி நேரம் பறந்து ஏதோ ஓர் ஊரில் இறங்குவார்கள், இறங்கியதும் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொள்வார்கள். அவர்கள் விமானத்தில் ஓட்டுபவர் முன்னால் வட்ட வட்டமாக மீட்டர்கள் இருக்குமே, அந்த வரிசையில் பொருந்துகிற மாதிரி ஒரு மேப் செய்தான் இவன். விமானம் நகர நகர மேப்பும் நகரும். நடுவில் குட்டி விமானப் படம் ஒன்று, மூக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பும். ஏதாவது ஓடுதளத்தைத் தொட்டால் ஒரு கட்டம் திறந்து, நீளம் எவ்வளவு, கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை அடி என்று எல்லாம் சொல்லும். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு ஓடுதளம். ஒன்றரை வருஷ உழைப்பு. முடித்ததும் கீழ் மூலையில் பெயர் போட்டு எல்லோருக்கும் சும்மா கொடுப்பதாக எண்ணம். அந்தப் பெயர் ஒன்றுதான் அவனுக்கு ஆசை.

இதில் அவனுக்கு வலது கை சகலை. பெண்சாதியின் அக்காள் புருஷன். நில அளவை ஆபீஸில் படம் வரைகிறவர். உயரம், தூரம் என்றால் அவரை அசைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கை காய்வதற்குள் வந்துவிடுவார். அந்த வாரம் செய்ததையெல்லாம் இவன் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பான், அவர் வீட்டில் வைத்துச் சரிபார்த்துச் சிவப்புப் பென்சிலால் குறித்துக்கொண்டு வருவார். கல்யாணத்தில் இவனுக்குப் பெண்சாதியோடு ஓர் அண்ணனும் கிடைத்தான் என்று அவனைப் பெற்ற என் அக்காள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள், விமானம் ஓட்டுகிறவர்கள் கூடிப் பேசுகிற இணையதளத்தில் இவனுடைய மேப் வந்துவிட்டது. அதே நிறம், அதே கட்டம், அதே குட்டி விமானம். மூலையில் மட்டும் வேறு எவனோ ஒருவன் பெயர்.

இவன் இன்னும் வெளியே விடாத பொருள். தன் கம்ப்யூட்டரில் ஒன்று, சகலையிடம் ஒன்று. மூன்றாவது ஆள் கிடையாது.

சந்தேகம் வந்துவிட்டால் பழைய பேச்சுக்கெல்லாம் புதுசாகப் பல் முளைக்கும். "உன் பேரு மட்டும்தான் போடுவியா தம்பி, நமக்கு ஒரு ஓரத்துல எடம் கெடையாதா?" என்று சகலை எப்போதோ சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். அன்றைக்கு இவனும் சேர்ந்து சிரித்தவன்தான். "சீக்கிரம் வெளிய விடு, வேற எவனாவது முந்திக்கப் போறான்" என்றும் சொல்லியிருந்தார். ஆக, தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்!

பெண்சாதியிடம் சொன்னான். அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"அத்தானா? உங்களுக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? எங்க வீட்ல நாங்க ரெண்டே பொண்ணுங்க. நீங்க ரெண்டு பேரும் மொறச்சுக்கிட்டா நானும் எங்கக்காவும் ரோட்லயா நின்னு பேசிக்கிறது?"

"நான் மொறைக்கல. பார்த்துக்கிறேன்."

பார்த்துக்கிறேன் என்றவன் செய்த காரியத்தைக் கேளுங்கள். அந்த வாரம் சகலைக்குக் கொடுத்த பென் டிரைவில், ஒரு மலைச்சரிவு ஓடுதளத்தின் உயரத்தை மாற்றி எழுதினான். ஆயிரத்து இருநூற்று அறுபது அடியை ஆயிரத்து அறுநூற்று இருபது ஆக்கினான். அந்தத் திருடன் அடுத்ததாக விடுகிற மேப்பின் படத்தில் இந்தப் பொய் உயரம் தெரிந்தால், கொண்டுபோய்க் கொடுத்தது சகலைதான். அதுதான் கணக்கு.

தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் அந்த இணையதளத்துப் படங்களைப் பார்ப்பான். மேப்பை இறக்கி ஓட்டிப் பார்க்க மட்டும் மாட்டான். இறக்கினால் "இத்தனை பேர் இறக்கினார்கள்" என்று திருடன் பக்கத்தில் காட்டுகிற எண்ணில் ஒன்று கூடிவிடுமாம். அந்த ஒன்றை அவனுக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

பென் டிரைவ் வாங்கிப்போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. போன் போட்டால், "கொஞ்சம் வேலையா இருக்கேன் தம்பி" என்று வைத்துவிடுகிறார். பெண்சாதி தன் அக்காளிடம் விசாரித்தாள். "ரூம் கதவைச் சாத்திக்கிட்டு என்னமோ எழுதிட்டே இருக்காருடி. காப்பி கொண்டுபோனா பேப்பரைக் கவுத்து வைக்கிறாரு. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கிறாரு" என்று அவளும் மூக்கை உறிஞ்சினாள். இவனுக்கு இனி சாட்சியே வேண்டாம் என்று ஆகிவிட்டது. தனியாகத் தன் பெயரில் ஒன்று செய்கிறார், அவ்வளவுதான்.

மூன்றாவது ஞாயிறு மாமியார் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சகலை ஒரு துணிப்பையோடு வந்தார். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. இவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"என்ன சகல, தனிக்கடை போட்டாச்சா?"

எப்போதும் அண்ணே என்கிறவன், சகல என்றதும் மாமியார் கை குழம்போடு அந்தரத்தில் நின்றது.

"என்ன கடை?" என்றார் அவர்.

"என் மேப்பைத் தூக்கி எவன்கிட்டயோ குடுத்துட்டு மூணு வாரமா மூஞ்சியை மறைச்சா தெரியாதா?"

அவர் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து இவன் மடியில் வைத்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு ஓடுதளமும் வரிசையாக, பக்கத்தில் உயரம், ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு.

"ஒரு மலையோட உயரம் தப்பா இருந்துச்சு தம்பி. முந்நூத்தி அறுபது அடி. எங்க ஆபீஸ்ல ஒண்ணு தப்பா இருந்தா எல்லாத்தையும் மொதல்லேர்ந்து அளப்போம். ஒண்ணு தப்புன்னா மத்ததை எப்படி நம்புறது? நீ மனசு ஒடஞ்சிடுவேன்னுதான் சொல்லாம நானே எல்லாத்தையும் பார்த்தேன். மத்ததெல்லாம் சரியா இருக்கு. அந்த ஒண்ணுதான். உன் கை அப்படித் தவறாதே, அது எப்படிடா வந்துச்சு?"

இவன் தலையைக் குனிந்துகொண்டான். பெண்சாதிதான் சொன்னாள்: "தவறல அத்தான். உங்களைப் பிடிக்க வேணும்னே எழுதினாரு."

சகலை எழுந்தார். "என்னைத் திருடன்னு நெனச்சியே, அதைக்கூட விடு. மேப்ல தெரிஞ்சே ஒரு பொய்யை எழுதிட்டியேடா" என்றார். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். அவர் பின்னாலேயே அவர் பெண்சாதியும் போனாள். போகும்போது தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவளுக்கு அழுகையும் ஆத்திரமும். "மொதல்ல அந்தத் திருடனோட மேப்பை ஒரு தடவையாவது ஓட்டிப் பாருங்க. எண்ணுல ஒண்ணு கூடினா குடியா முழுகிடும்?" என்று உட்கார வைத்தாள். இறக்கி ஓட்டினான். விமானத்தின் மூக்கு நேர் வடக்கைத் தாண்டியபோது, குட்டி விமானம் கொஞ்சமாகத் திரும்ப வேண்டியது, பைத்தியம் பிடித்த மாதிரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து நின்றது.

அந்தக் கோளாறு இவனுடையது. நாலு மாசத்துக்கு முன்னால் வந்து, இரண்டே நாளில் சரி செய்தது. எப்படிச் சரி செய்வது என்று அதே இணையதளத்தில்தான் கேட்டிருந்தான். பழைய கேள்வியைத் தேடி எடுத்தார்கள். பார்க்கச் சொல்லி ஒரே ஒரு கோப்பை இணைத்ததாக நினைத்திருக்கிறான். அவசரத்தில் முழு மேப்பையும் மூட்டை கட்டி வாசலில் வைத்திருக்கிறான். திருட வந்தவன் கதவைத் தட்டவேண்டிய வேலைகூட இல்லை.

மறுநாள் நில அளவை ஆபீஸ் வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டான். சகலை, "சரி விடு" என்றார். அவ்வளவுதான். அக்காள் தங்கை மறுபடி பேசிக்கொண்டார்கள். மேப்பும் வெளியே வந்தது, மூலையில் இரண்டு பெயரோடு. திருடன் தன்னுடையதை யாரும் கேட்காமலே இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சகலை பழையபடி வருகிறார், வேலை பார்க்கிறார், சிரிக்கிறார்.

ஆனால் இவன் வாயிலிருந்து வருகிற எந்த எண்ணையும் அவர் சும்மா எடுத்துக்கொள்வதில்லை. போன வாரம் இவன் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவருக்குப் போன் செய்தான். "நாளைக்கு இங்கதான் சாப்பாடு அண்ணே, பன்னண்டு மணிக்கு வந்துடுங்க" என்றான். வைத்த அஞ்சாவது நிமிஷம் என் போன் அடித்தது. சகலைதான்.

"சித்தி, பன்னண்டு மணிதானா?"

"ஆமாப்பா, பன்னண்டுதான்" என்றேன்.

பிறகு, "உங்களுக்கு அதைச் சொன்னதும் அவன்தானே?" என்றார்.