கேஸ் குழிக்குள் போன வெள்ளி

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகும் என் அண்ணன் சண்டையை விடவில்லை. எல்லை கைவசம் இல்லாததால் மாட்டுத் தொழுவத்தைப் பிடித்துக்கொண்டான். ஈ மொய்க்கிறது, வாடை அடிக்கிறது, கிருமி பெருகுகிறது என்று காலையில் எழுந்ததும் ஆரம்பித்துவிடுவான். காக்கி டவுசரும் ரப்பர் பூட்ஸுமாக அவன் தொழுவத்துக்குள் நுழைந்தால் மாடுகள் இரண்டும் ஒதுங்கி நிற்கும்.

அவன் வடக்கே இருந்த வருடங்களில் கீழப்பாவூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டையும் தோட்டத்தையும் ஒற்றை ஆளாகப் பார்த்தது மதினிதான். தொழுவத்துக்குப் பின்னால் சாண கேஸ் குழி, அதற்கப்பால் எலுமிச்சை. சாணியைக் கையால் கரைத்துக் குழிக்குள் விடுவாள். கேஸ் குழாய் வழியாக அடுப்புக்கு வரும், செரித்த கரைசல் மரத்தின் தூருக்குப் போகும். தொழுவம் கழுவிய தண்ணீரும் ஓடை வழியாகக் குழிக்குத்தான். ஒரு சொட்டு வீணாகாது. குழியைப் பற்றி அவள் இன்னொரு மாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசுவாள். பழைய சோறு அதிகம் விழுந்து ஜுவாலை மங்கினால், "வயிறு சரியில்ல போல" என்று ஒருநாள் பட்டினி போடுவாள். மறுநாள் நீலமாக எரியும். புளியங்குடி மார்க்கெட்டில் அவள் பழத்துக்கு ஒரு மரியாதை உண்டு என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அண்ணன் சுரண்டைக்குப் போய் ஒரு கேன் வாங்கி வந்தான். நானோ வெள்ளி கலந்த கிருமி மருந்து. லேபிளில் கேடயம் படம் போட்டிருந்தது. அவனுக்கு அது போதும். மூடி அளவு ஊற்றச் சொன்ன இடத்தில் செம்பு அளவு ஊற்றினான். தரை, சுவர், தொட்டி, ஒன்றும் பாக்கியில்லை. ஈ போயிற்று, வாடை போயிற்று. மதினிக்கே முதலில் சந்தோஷம்தான்.

நான் தென்காசியில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். விடுமுறைக்குப் போனபோது கேனைப் பார்த்துவிட்டு, இது கழுவின தண்ணீரோடு குழிக்குள் போகுமே என்று அண்ணனிடம் சொன்னேன்.

"போனா என்னலே? வெள்ளிச் சங்குலதான பச்சப்புள்ளைக்குப் பால் ஊத்துதோம். எந்தப் புள்ள செத்துது?"

நம் வீடுகளில் இதற்குமேல் யாரும் வாதம் செய்ய முடியாது. வெள்ளி என்றால் சுத்தம், வெள்ளி என்றால் குளிர்ச்சி. சங்கில் இருக்கும் வெள்ளி ஒரே கட்டி என்றேன். அதையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடித்தால் மேற்பரப்பு பல மடங்காகிறது, அதிலிருந்து வெள்ளி சிறுகச் சிறுகக் கரைந்து எதிர்ப்படும் நுண்ணுயிரைக் கொல்கிறது, நல்லது கெட்டது என்று அதற்குப் பேதம் தெரியாது, குழிக்குள் கேஸ் உண்டாக்குவதும் நுண்ணுயிர்தான் என்றேன்.

"வகுப்ப காலேஜ்ல எடு," என்றான்.

சில வாரங்களில் ஜுவாலை குட்டையாகிவிட்டது. பிறகு ஒருநாள் மதினி போன் செய்தாள். "அடுப்பு பத்தவே மாட்டேங்கு தம்பி. பட்டினியும் போட்டுப் பாத்துட்டேன்."

அண்ணன் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டான். சாணியைச் சரியாகக் கரைக்கவில்லை, கட்டி கட்டியாக விட்டுவிட்டாள். இத்தனை வருடம் அந்தக் குழியைப் பிள்ளை மாதிரி வளர்த்தவளிடம், ஒருநாள்கூடச் சாணியில் கை வைக்காதவன் சொன்னான். கொடுமை என்னவென்றால் அவள் அதை நம்பினாள். விரல் தோல் உரியும்வரை கரைத்தாள், துணியில் வடிகட்டியும் விட்டாள். அடுப்பு பற்றவில்லை. எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

கரைசலை மட்டும் மரத்துக்கு விட்டுவிடாதீர்கள் என்று இருவரிடமும் சொல்லியிருந்தேன். மண்ணுக்குள்ளும் அதே ஜாதி உயிர்கள்தான் வேலை செய்கின்றன. சாணிக்குள் கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி கொஞ்சம் அடங்கியிருக்கும். எவ்வளவு அடங்கியது, எவ்வளவு அடங்கவில்லை என்பதைச் சோதித்துச் சொல்ல என் கல்லூரியில் கருவி இல்லை. வேறு எங்கே கொட்டுவது என்று மதினி கேட்டாள். வாய்க்காலில் விட்டால் குளத்துக்குப் போகும். குற்றாலத்தில் நான் குடியிருக்கும் தெருவில், அருவிக்கு வருகிறவர்கள் வெயில் கிரீமை அப்பிக்கொண்டு போகிறார்கள். அதிலும் இப்படிப் பொடித்த துத்தநாகம் இருக்கிறது. அதையெல்லாம் சிற்றாறு வாங்கிக்கொள்கிறது. சோப்பு போடாதே என்று பலகை வைத்தவர்களுக்கு அது தெரியாது, தெரிந்தாலும் எழுதப்போவதில்லை.

நான் கல்லூரியில் இருந்த ஒரு நாளில் அண்ணன் மோட்டார் வைத்துக் குழியை எலுமிச்சைக்கே இறைத்துவிட்டான். ஒரேயடியாகச் சுத்தம் செய்தானாம்.

அடுத்த முறை நான் போனபோது மதினி மண்வெட்டியோடு மரத்தடியில் நின்றாள். ஒரு கொத்து கொத்தி மண்ணைப் புரட்டிக் காட்டினாள். மழை பெய்த ஈரம் இருந்தது, மண்புழு இல்லை. அடுத்த மரத்தடியிலும் இல்லை. இதுவும் வெள்ளியால்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இல்லை என்றும் செய்ய முடியாது.

"இத மண்ணுலருந்து திரும்ப எடுக்க முடியாதா தம்பி?"

"முடியாது மதினி. சல்லடைக்கும் சிக்காது, வடிகட்டிக்கும் சிக்காது."

அவள் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாள். "அப்ப நான் சாணிய ஒழுங்காத்தான கரைச்சேன்?"

"ஒழுங்காத்தான் கரைச்சீங்க."

"அத அவுக முன்னால சொல்லுங்க."

சொன்னேன். அண்ணன் தொழுவத்து வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். குரலை உயர்த்தாமல், பாடம் எடுக்காமல், மதினி மேல் தப்பில்லை, குழியைக் கொன்றது அந்த மருந்துதான் என்றேன். அவன் ஒற்றைப் பூட்ஸோடு குழி வரை போய் எட்டிப் பார்த்தான். எனக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை வந்துவிட்டது.

"நீ சொல்லுதது சரிதாம்லே," என்றான். "ஏட்டி, உன் மேல தப்பில்ல. அந்தக் கடக்காரன் டூப்ளிகேட் சரக்கத் தந்து ஏமாத்திட்டான். ஒரிஜினல்னா கெட்ட கிருமிய மட்டுந்தான் கொல்லும்."

பைக்கை எடுத்துக்கொண்டு சுரண்டைக்குக் கிளம்பினான், ஒரிஜினல் வாங்க.